ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சா மட்டும் போதுமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆயுத பூஜை அன்னிக்கு எந்த ஷெட்டுக்குள்ள நுழைஞ்சாலும் ஒரே காட்சிதான். லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மூலையில எண்ணெய்ப் பிசுக்கோட உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு. மெஷினைத் துடைச்சு, ஆயில் மாத்தி, அப்புறம்தான் பூஜை போடுவாங்க. கம்ப்யூட்டருக்கு மட்டும் வெறும் பொட்டு. என் ஆதங்கமே இதுதான் மக்களே.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை ஞாபகம் இருக்கா? ஃபைலையெல்லாம் பூட்டிட்டு, 300 டாலரை பிட்காயினா வைன்னு மிரட்டுச்சே, அதேதான். 150 நாடுகள்ல 2 லட்சத்துக்கும் மேல கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கிச்சு. பிரிட்டன் ஆஸ்பத்திரிகள், பிரான்ஸ்ல ரெனோ ஆலைகள், சண்டர்லாந்துல நிசான் ஆலைன்னு போய், நம்ம ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையையும் தொட்டுட்டுத்தான் போச்சு.

இதுல கொடுமை என்னன்னா, அந்த ஓட்டையை அடைக்கிற பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லயே வெளியிட்டுடுச்சு. ரெண்டு மாசம் முன்னாடி! பூட்டு கையில இருக்கு, கதவு திறந்தே கிடந்திருக்கு.

உடனே "ஐடி ஆளுங்க தூங்கிட்டாங்க"ன்னு திட்டுறதுல எனக்கு உடன்பாடு இல்லை. "ஓடுற மெஷின்ல கை வைக்காதே"ன்னு ஷாப் ஃப்ளோர்ல சொல்றது முட்டாள்தனமும் இல்லை. பேட்ச் போட்டு மெஷின் முரண்டு பிடிச்சா லைன் நிக்கும், மெஷின் கம்பெனிக்காரன் "நான் பொறுப்பில்லை"ம்பான். மெஷின் 20 வருஷம் உழைக்கும். விண்டோஸுக்கு ஆயுசு பத்து வருஷம் சொச்சம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல்லயே ஆதரவு முடிஞ்சுபோச்சு. மெஷின் வாங்குறப்பவே "எத்தனை வருஷத்துக்கு பேட்ச் தருவே?"ன்னு கேட்டு ஒப்பந்தத்துல எழுதி வாங்காததுதான் மூலத் தப்பு.

சின்ன கம்பெனின்னு இல்லை. 2018 ஆகஸ்ட்ல தைவான் டிஎஸ்எம்சிக்கே இதே வான்னாக்ரையோட ஒரு வகை வந்தது. புதுசா வந்த மெஷினை வைரஸ் ஸ்கேன் பண்ணாம நெட்வொர்க்ல சேர்த்தாங்க, அவ்ளோதான். பேட்ச் வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும்!

அவங்களுக்கே அந்தக் கதின்னா, 40 பேரை வச்சு ஓட்டுற வெண்டர் என்ன பண்ணுவார்? பெரிய கம்பெனி எக்செல்ல ஒரு நீளமான கேள்வித்தாள் அனுப்பும். இவரும் எல்லாத்துக்கும் "ஆம்"னு போட்டு அனுப்பிடுவார். தாக்குதல் தெரிய வந்த 6 மணி நேரத்துல சொல்லணும்னு செர்ட்-இன் 2022-ல உத்தரவு போட்டாச்சு. ராத்திரி ஷிஃப்ட்ல சூப்பர்வைசருக்கு யார்கிட்ட சொல்றதுன்னாவது தெரியுமா? அவர் லைன் நின்னா நாளைக்கு பெரிய கம்பெனி லைனும் நிக்கும். அதனால கேள்வித்தாளோட ஒரு ஆளையும் சேர்த்து அனுப்புங்க சாமி!

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த முடியாதுதான். பேட்ச் போட முடியாத பழைய பொட்டியை ஆபீஸ் நெட்வொர்க்ல இருந்து பிரிச்சு வைங்க. கண்ட பென் டிரைவையும் செருகாதீங்க. பேக்கப்பைக் கேபிள்ல இருந்து கழட்டித் தனியா வைங்க. எடுத்த பேக்கப் திரும்ப வருதான்னு ஒரு தடவையாவது சோதிச்சுப் பாருங்க.

அதுக்கு நாள் வேணுமே? ஆயுத பூஜைக்கு எப்படியும் மெஷினை நிறுத்தித்தானே பூஜை போடுறோம்? இந்த வேலையை முடிச்சுட்டு, அப்புறமா கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைங்க.