துடைத்தாயிற்றா?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் கடந்து, பெரிய ஆஸ்பத்திரியை நம்பி வருகிறாள். கட்டிலில் ஏறும்போது அவள் கை முதலில் பற்றுவது பக்கத்துக் கம்பியை. அதற்கு முன் அதைப் பற்றியது யார் கையோ!

"துடைத்தாயிற்றா?" என்று கேட்டால், "ஆயிற்று" என்றுதான் பதில் வரும். தரை பளபளக்கிறது, பினாயில் மூக்கைத் துளைக்கிறது, நாமும் திருப்தியடைகிறோம். ஆனால், சில ஜாதிக் கிருமிகள் உலர்ந்த கம்பியில் மாதக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகையால் நிபுணர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். கம்பி, குழாய், விளக்கின் விசை ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத மைப் புள்ளி ஒன்றை முன்னதாக வைத்துவிடுவார்கள். துடைத்த பிறகு ஊதாக்கடந்த ஒளி விளக்கைக் காட்டினால், துடைபடாத புள்ளி பளிச்சென்று ஒளிரும். 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்காவின் 36 ஆஸ்பத்திரிகளில் இப்படிப் பார்த்தபோது, நூற்றுக்கு 48 இடங்களே துடைபட்டிருந்தன! ஐசுவரியம் மிகுந்த தேசத்திலேயே இந்த லக்ஷணம்.

இன்னொரு சோதனைக்கு மின்மினிப் பூச்சி உதவுகிறது. அதன் உடலை ஒளிரச் செய்யும் சத்தைத் துடைத்தெடுத்த அழுக்குடன் கலந்தால், அழுக்கின் அளவுக்குத் தக்கபடி ஒளி வீசும். கருவி அதை எண்ணாகக் காட்டும். ஆனால் கிருமிக்கும் சோற்றுப் பருக்கைக்கும் அதற்குப் பேதம் தெரியாது. மைப் புள்ளியோ, கை பட்டதைச் சொல்லுமே தவிர, கிருமி செத்ததைச் சொல்லாது. இரண்டும் சாட்சிகள், தீர்ப்பு அல்ல.

அந்த அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பிறகு நடந்ததே முக்கியம். விட்டுப்போன இடங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுத்ததும், 48 என்பது 77 ஆயிற்று. துடைப்பவர்கள் சோம்பேறிகளல்ல, எதைத் துடைக்க வேண்டுமென்று அவர்களுக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை!

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி ஜில்லாவாயிற்று. 2022-ல் அங்கே அரசாங்க மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. சுத்தமான ஸர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குப் பரிசளிக்க, இந்திய அரசாங்கம் 2015-ல் 'காயகல்ப்' திட்டத்தை ஏற்படுத்தியது. நல்லதுதான். ஆனால் பரிசுக்காகப் பார்வையிட வரும் நாளில் மட்டும் கம்பி சுத்தமாயிருந்தால் போதாது. ஊதா விளக்கைத் துடைக்கும் அம்மாளின் கையிலேயே கொடுத்து, போதிய துணியும் நேரமும் அளிக்க வேண்டும். மலையிலிருந்து வரும் அந்தப் பெண், எந்த நாளில் வருவாள் என்று சொல்லிவிட்டு வருவதில்லை அல்லவா?