பெருங்காயத்திலும் கோதுமை!

(மூன்றாமாண்டு வேதியியல் மாணவி)

"அரிசிச் சோறு உண்ணும் நாட்டில் கோதுமையைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்போர் பலர். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

நம் குறிஞ்சிப்பாடியில் எந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாலும், "நாங்கள் சோறு தின்பவர்கள்" என்றுதான் விடை வரும். ஆனால் அதே வீட்டின் அடுக்களையைச் சற்றே எட்டிப் பாருங்கள். காலையில் ரவை உப்புமா, மாலையில் தேநீரோடு பிஸ்கட், இரவில் சர்க்கரை நோயுள்ள பெரியவருக்காகச் சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா, விருந்தினர் வந்தால் சேமியாப் பாயசம். இவை ஐந்தும் கோதுமையின் பிள்ளைகள். ஆறாவது பிள்ளை ஒன்று சாம்பாரில் ஒளிந்திருக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பெரும்பான்மையோருக்குக் கோதுமை நல்ல உணவே. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னைப் போன்ற சிலருக்கு அது நஞ்சு. அந்தச் சிலருக்காக மற்றவர்கள் எவ்வளவு தூரம் இறங்கி வரவேண்டும் என்பதே நான் எழுப்பும் கேள்வி.

வேலியே பயிரை மேய்ந்தால்?

கோதுமை மாவைப் பிசைந்து, அந்த உருண்டையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள். மாவுச்சத்து கரைந்து போனபின், ரப்பரைப் போல் இழுபடும் பிசின் ஒன்று கையில் நிற்கும். அதுதான் குளூட்டன் என்னும் பசைப்புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிக்கும்போது அது கிழியாமல் இருப்பது இந்தப் பசையால்தான். பார்லி, ரை ஆகிய தானியங்களிலும் இதற்கு உறவான புரதங்கள் உண்டு. அரிசியிலும் கேழ்வரகிலும் கம்பிலும் சோளத்திலும் இல்லை.

நம் சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் நிறைந்துள்ளன. உணவின் சத்தை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்புவது அவற்றின் பணி. சீலியாக் நோய் உள்ளவரின் குடலுக்குள் குளூட்டன் நுழைந்ததும், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் பகைவனைக் கண்டதுபோல் கிளர்ந்தெழுந்து தன் குடலையே தாக்குகிறது. நீட்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! அதன் பின்னர் எவ்வளவு உண்டாலும் உடலில் ஒட்டுவதில்லை. வயிற்றுப்போக்கு, உப்புசம், மாத்திரைக்கு மசியாத இரத்தசோகை, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு, பெரியவர்களிடம் எலும்புத் தேய்வு என்று இதன் முகங்கள் பல. சிலருக்கு வயிற்றில் தொல்லை ஏதும் இராது. சோகை மட்டுமே வெளியே தெரியும்.

இது தொற்றுநோய் அன்று. கோதுமை ஒவ்வாமை என்று சொல்லப்படுவதும் இதுவன்று, அது வேறு. இதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவது ஒன்றே வழி.

இந்த உண்மையை உலகம் அறிந்துகொண்ட வரலாறு உருக்கமானது. 1888-இல் சாமுவேல் ஜீ என்னும் ஆங்கில மருத்துவர் நோயின் குறிகளைத் தெளிவாக எழுதினார். உணவினால்தான் இதனைக் குணப்படுத்த இயலும் என்றும் கருதினார். ஆனால் எந்த உணவு குற்றவாளி என்பது தெரியாமலே அரை நூற்றாண்டு கழிந்தது. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமையின்மீது முன்பே ஐயங்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டைப் பஞ்சம் வாட்டியது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பசியால் வாடியபோது இந்நோயுற்ற குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மீண்டும் நலிந்தார்கள். டிக்கே தம் ஆய்வை 1950-இல் வெளியிட்டார்.

வடநாட்டு நோயா?

நம் பக்கத்தில் படித்தவர்களும், "அது வடநாட்டார் நோய் அல்லவா?" என்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. பாதி உண்மைதான் ஆபத்தானது.

2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரின் இரத்தத்தைச் சோதித்தது. இந்நோயைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் வடக்கே 100-க்கு 1.23 பேரிடமும், வடகிழக்கே 0.87 பேரிடமும், தெற்கே 0.10 பேரிடமும் காணப்பட்டது. ஆக, தெற்கே இந்நோய் அரிது என்பது மெய். ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் சொன்னது. இந்நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்தன! பெரிய வேறுபாடு தட்டில்தான் இருந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக வடக்கே 455 கிராம் கோதுமை. தெற்கே 25 கிராம்.

மரபணு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆயினும், நம்மைக் காத்து நின்றவற்றுள் சோற்றுப் பானையும் ஒன்று என்று எண்ண இடமிருக்கிறது அல்லவா? அந்தப் பானையை நாமே சிறிது சிறிதாக அடுப்பிலிருந்து இறக்கி வருகிறோம். சர்க்கரை நோய் என்றால் சப்பாத்தி, உடல் இளைக்கவேண்டும் என்றால் சப்பாத்தி, அவசரம் என்றால் ரவை. எந்த வடநாட்டுக்கும் போகாமலே வடநாட்டுத் தட்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. அருகிலே நெய்வேலி இருக்கிறது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய நாளிலிருந்து பல மாநிலத்தாரும் வந்து குடியேறிய நகரியம் அது. அங்கு வாழும் குடும்பங்களுக்கு இது யாருடைய நோய்?

என் கதையும் அதுவே. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்த ஆண்டில், வீடு முழுவதும் இரவுச் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறியது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த மூன்றாண்டுகளில் என் எடை ஏறவில்லை, இறங்கிற்று. பூச்சி மருந்து தந்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். "பரீட்சைக்குப் பயந்து வரும் வயிற்றுவலி" என்றார் ஒரு மருத்துவர். கடைசியில் வழிகாட்டியவர், நெய்வேலியில் அம்மாவுக்குப் பழக்கமான பஞ்சாபி அம்மையார் ஒருவர். என்னைப் பார்த்ததுமே, "எங்கள் ஊரில் இப்படிப் பிள்ளைகள் உண்டு, கோதுமைக்கான இரத்தச் சோதனை செய்யுங்கள்" என்றார். சோதனையும், பின்னர்க் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்த ஆய்வும் அவர் சொன்னதை உறுதி செய்தன. கோதுமையை நிறுத்திய சில மாதங்களில் நான் படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. கூப்பிடு தூரத்தில் இருந்த விடைக்கு மூன்றாண்டுகள் ஆயின!

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் நாளையே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தியபின் சோதித்தால் இரத்தத்திலும் குடலிலும் அடையாளம் மறைந்து, நோய் இல்லை என்றே தவறாக வரக்கூடும். ஐயம் இருந்தால் முதலில் சோதனை, பிறகு பத்தியம்.

ஒளிந்திருக்கும் எதிரி

நோயின் பெயர் தெரிந்ததும் பாதித் துன்பம் தீர்ந்தது. மறுபாதி அடுக்களையில் தொடங்கிற்று.

சப்பாத்தியும் பரோட்டாவும் முகத்துக்கு நேரே நிற்கும் எதிரிகள், விலக்குவது எளிது. மறைந்து நிற்பவை வேறு. சாம்பாரிலே ஒளிந்திருக்கும் ஆறாவது பிள்ளை பெருங்காயம்! ஒருவகைச் செடியின் வேர்ப்பிசினாகிய பெருங்காயம் தனியாகப் பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரமும் நெடியும் உள்ளது. ஆதலால் வேலம் பிசினையும் மாவையும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு. கடலில் கரைத்த பெருங்காயம் என்று பழமொழி சொல்வோம். எங்கள் குடலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சிட்டிகையளவும் நாள்தோறும் சேர்ந்தால் கேடுதான். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடையில் உண்டு. பொட்டலத்தைத் திருப்பிப் படித்தால் போதும்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகைக் கழுவி உலர்த்தித் தூக்கிச் செல்கிறோம். நமக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். அந்த மாவு இயந்திரத்தின் வயிற்றிலிருந்து நம் தூக்குக்குள் வந்து விழும். அதன் பிறகு கேழ்வரகுக் களியும் எங்களுக்கு ஆகாது. என் அம்மா மில்காரரிடம் பேசி, வாரத்தில் ஒரு நாள் காலையில் இயந்திரத்தைத் துடைத்தபின் முதல் ஈடாக எங்கள் தானியத்தை அரைக்கச் செய்தார். அவர் ஒரு பைசாவும் கூடுதலாகக் கேட்கவில்லை. "முன்னமே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றுதான் சொன்னார்.

பிறகு சத்துமாவு, அதில் கோதுமை சேர்ப்பது வழக்கம். மால்ட் பானங்களில் பார்லி. ஓட்டலில் தோசை வாங்கலாம் என்றால், அதே கல்லில்தான் சற்றுமுன் பரோட்டா புரண்டிருக்கும். நோயாளி என்று இரங்கிப் பார்லிக் கஞ்சி காய்ச்சித் தருவோரும் உண்டு!

2016-ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ஓர் உணவைக் 'குளூட்டன் அற்றது' என்று நம் நாட்டில் விற்கக்கூடாது. நல்ல விதி. ஆனால் அது பொட்டலத்துக்குத்தான். கல்யாணப் பந்திக்கும் விடுதிச் சாப்பாட்டுக்கும் யார் முத்திரை ஒட்டுவது?

பணக்காரர் பத்தியமா?

நகரத்துப் பெரிய கடைகளில் குளூட்டன் அற்ற ரொட்டி, பிஸ்கட் என்று அழகிய பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. அவற்றின் விலையைப் பார்த்தாலே பாதி நோய் கூடிவிடும். "இந்த நோய் ஏழைக்கு வந்தால் அவன் என்ன செய்வான்?" என்று எனக்கும் ஒரு காலத்தில் மலைப்பாக இருந்தது.

ஆனால் நண்பர்களே, அந்தப் பெட்டிகள் ரொட்டியை மறக்க முடியாதவர்களுக்கானவை. இட்லியும் இடியாப்பமும் புட்டும் ஆப்பமும் அடையும் வெண்பொங்கலும் தம் இயல்பிலேயே குளூட்டன் அற்றவை. தாளிப்பில் மட்டும் கவனம் வேண்டும். கம்பங்கூழும் கேழ்வரகு அடையும் தினைச் சோறும் சாமைச் சோறும் எங்கள் பத்தியம். அவையே உங்கள் பாட்டியின் அன்றாட உணவு. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. அதற்கு முன்மொழிந்தது நம் இந்தியாவே. இந்நோயோடு வாழ்வதற்கு உலகில் வசதியான இடங்களுள் தமிழ்நாடும் ஒன்று என்பேன். எங்களிடம் உணவு இருக்கிறது. இல்லாதது அந்த உணவைப் பற்றிய நம்பகமான சொல் ஒன்றுதான்.

கேட்பது இவ்வளவே

ஆகவே நான் சலுகை கேட்கவில்லை, செய்தி கேட்கிறேன். சமைப்பவர், "இதில் கோதுமை இருக்கிறது" என்று சொல்லட்டும். விடுதிகளிலும் ஓட்டல்களிலும் உணவுப் பட்டியலின் ஓரத்தில் ஒரு குறி இடட்டும். மசியாத சோகையோடும் வளராத உயரத்தோடும் ஒரு பிள்ளை வந்தால், "இது வடநாட்டு நோய்" என்று ஒதுக்காமல் மருத்துவர் ஒரு முறை சோதித்துப் பார்க்கட்டும்.

சிறு பிள்ளைகளை நினைத்தால்தான் நெஞ்சு பதைக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் போற்றத்தக்கது. பசியோடு வகுப்பில் அமர்ந்த குழந்தையின் பசியை அது தீர்த்தது. அதன் பட்டியலில் பொங்கலும் அரிசி உப்புமாவும் இருந்தன. ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாக்களும் இருந்தன. ஆயிரம் பிள்ளைகளுக்கு அமுதமான அந்த ரவை உப்புமா, ஒரு பிள்ளைக்கு ஆகாது என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தட்டை வாங்கினால் நோய்; வாங்காவிட்டால் பசி. அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் அரிசி உப்புமா கிளறித் தருவதால் எந்தத் திட்டமும் கெட்டுவிடாது. ஆசிரியருக்கும் சமைப்பவருக்கும் இந்த நோயின் பெயர் தெரிந்திருந்தால் போதும்.

"ஒருவருக்காக ஊரே மாறவேண்டுமா?" என்று கேட்கலாம். மாற வேண்டாம், சொன்னால் போதும். "ஒரு வாய்தானே, சாப்பிடு, ஒன்றும் ஆகாது" என்று அன்போடு திணிக்கும் அத்தைமார்களையும் நான் கைகூப்பிக் கேட்பது அதுதான். விருந்தோம்பல் நம் பண்பு என்பதில் ஐயமில்லை. வேண்டாம் என்பவரின் சொல்லை நம்புவதும் அந்தப் பண்பின் ஒரு பகுதியே.

நமக்குப் பக்கத்தில் வடலூர் இருக்கிறது. 1867-இல் வள்ளலார் அங்கே தருமசாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வந்தவர் எச்சாதி, எவ்வூர் என்று கேளாமல் சோறிடும் மரபு அது. பசித்தவருக்குச் சோறிடுவது அறம் என்று அந்த அடுப்பு நம் வட்டாரத்துக்குக் கற்றுக் கொடுத்தது. இடும் சோறு உண்பவர் உடலுக்கு ஒத்ததா என்று ஒரு வார்த்தை கேட்டு இடுவதும் அந்த அறத்தின் அடுத்த படியே. அந்தப் படியை ஏறுவதற்குப் பணம் வேண்டாம், சட்டம் வேண்டாம். கரண்டி பிடித்த கையோடு வாயும் சற்றுத் திறந்தால் போதும்.