பேங்க் முகவரி மாறிடுச்சு, நீங்க மாத்திட்டீங்களா?

பாண்டிச்சேரி 2006-ல புதுச்சேரி ஆச்சு. இன்னிக்கும் நாம பாண்டின்னுதான் சொல்றோம், பஸ்ஸும் சரியான ஊருக்குத்தான் வருது. வெப்சைட் முகவரியில அந்தச் சலுகை கிடையாது. ஒரு புள்ளி மாறினாலும் நீங்க நிக்கிறது வேற ஒருத்தர் வாசல்ல.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொன்னது: அக்டோபர் 31-க்குள்ள வெப்சைட்டை 'டாட் பேங்க் டாட் இன்'-க்கு மாத்துங்க. டாட் காம் முகவரியை யார் வேணும்னாலும் வாங்கலாம். இதைப் பதிவு பண்ணித் தர்றது ஹைதராபாத்தில் இருக்கிற ஐடிஆர்பிடி மட்டும்தான், அதுவும் வங்கிகளுக்கு மட்டும்.

என்னைக் கேட்டா, நல்ல முடிவு. ஆனா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. 2021 ஜூனில் வருமான வரி இ-ஃபைலிங் போர்ட்டலும் முகவரி மாறுச்சு; அது நம்மில் பலர் வருஷத்துக்கு ஒருதரம் போற இடம். இது மாசாமாசம் சம்பளம் விழற இடம். வங்கி தன் டேட்டாபேஸ்ல பழைய முகவரியை மாத்திக்கும். உங்க புக்மார்க்கையும் சேமிச்சு வெச்ச பாஸ்வேர்டையும் நீங்கதான் மாத்தணும்.

ஏன் முக்கியம்? பாஸ்வேர்ட் மேனேஜர் முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். போலி சைட்ல நிரப்பாது. அதுதான் நமக்குக் காவல். புது முகவரியை ஒருதரம் நீங்களே டைப் பண்ணி சேமிச்சிடுங்க. அப்புறம் அது நிரப்பலைன்னா, கையால டைப் பண்ணாம நிறுத்துங்க.

'முகவரி மாறிடுச்சு, இந்த லிங்க்கைத் தட்டுங்க'ன்னு எஸ்எம்எஸ் வந்தா தட்டாதீங்க. மோசடிக்காரருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. முகவரியில தொடக்கத்துல இருக்கிற இரட்டைச் சாய்கோட்டுக்கு அப்புறம் வர்ற முதல் சாய்கோடு வரைக்கும் பாருங்க. அதுக்கு முன்னாடி கடைசியா இருக்கிறது 'டாட் பேங்க் டாட் இன்'-ஆ இருக்கணும். அதுக்கு அப்புறமும் ஒரு புள்ளி போட்டு வேற பேரு வந்தா, அது போலி. பூட்டுப் படத்தை மட்டும் நம்பாதீங்க. போலி சைட்டுக்கும் அது கிடைக்கும்.

இதுல பணமும் இருக்கு. ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை சுற்றறிக்கை சொன்னது: பாஸ்வேர்டையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்துட்டா, வங்கிக்குத் தகவல் சொல்ற வரைக்கும் போன பணம் உங்க நஷ்டம். அதனால ஏமாந்தது தெரிஞ்ச அந்த நிமிஷமே வங்கிக்கும் 1930-க்கும் போன் பண்ணுங்க.

எஸ்ஐபி, பட்ஜெட் எல்லாம் அப்புறம் பேசலாம். இன்னிக்கு ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, பழைய புக்மார்க்கை அழிச்சிடுங்க.