மாரிக்கு முன்னே கூரையைக் காண்க

புரட்டாதி வெயில் இன்னும் தணியவில்லை. ஆயினும் ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டால், பின்னர் வானம் நம்மைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி மாரியிலேயே கொட்டித் தீர்கிறது. 1978ஆம் ஆண்டு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும், 2008ஆம் ஆண்டு நிஷா புயலோடு யாழ்ப்பாணக் குடாநாட்டை மூடிய வெள்ளமும் கார்த்திகை மாதத்தில் வந்தனவே. ஆதலால் இல்லறத்தார் தம் கூரையையும் புறச்சுவரையும் நோக்குதற்குரிய காலம் இதுவாகும். ஒழுகத் தொடங்கிய பின்பு கூரையில் ஏறுபவர் பாசியில் வழுக்குவார். அப்பொழுது மேசனும் எளிதில் அகப்படமாட்டார்.

முதலில் ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். 1865ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் மங்களூரிலே ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினர். அங்கிருந்து பரவிய தட்டையோட்டு வகையே நம்மவர் வீடுகள் பலவற்றை இன்றும் மூடியிருக்கிறது. ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின் வரம்பிலே பொருந்துமாறு இஃது அமைந்தது. அவ்வரம்பிலே சருகும் மண்ணும் அடைத்து, அதன்மேற் பாசி படர்ந்தால், வழிந்தோட வேண்டிய நீர் தேங்கி உள்ளே இறங்கும். ஓடு உடையாமலே வீடு ஒழுகுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆகவே ஓடு மாற்றுதற்குப் பணம் தேடுமுன் தும்புத்தடியைத் தேடுதல் நன்று.

ஓட்டை எங்கேயென அறிதற்குக் கூரையில் ஏறவேண்டுவதில்லை. நண்பகலில் சாளரங்களைச் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே நோக்குக. ஊசிமுனை போல் ஒளி தெரியும் இடங்களையெல்லாம் நினைவில் வையாது, ஒரு தாளிலே படமாக வரைந்து குறித்துக்கொள்க. இஃது இளமாணவரும் செய்யத்தக்க வேலை. மரங்கள் சுவரோடு சேரும் முனைகளையும் காணவேண்டும். வைரம் பாய்ந்த பனைமரம் பல தலைமுறை நிற்கும். ஆயினும் ஒழுகும் நீர் ஓரிடத்தை இடைவிடாது நனைத்தால் அதுவும் உளுத்துப்போகும். கறையான் ஈரத்தைத் தேடியே வருகிறது. போர்க்காலத்திலே ஆளில்லாது கிடந்த வீடுகள் பல குண்டுபடாமலே விழுந்தமைக்கு, விலகிய ஓடுகளும் அவற்றின் வழியே இறங்கிய மாரி நீருமே காரணமாயின.

அடுத்தது பீலி. இதனைத் துப்புரவாக்குதல் வீட்டின் நலத்துக்கு மட்டுமன்று, அயலாரின் உயிருக்கும் காவலாகும். டெங்கு நுளம்பு சாக்கடையை நாடுவதில்லை. சருகடைத்த பீலியில் நிற்கும் தெளிந்த நீரையே விரும்பும். அதன் முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதம் கெடாது கிடக்கும். நீர் பட்டதும் பொரித்து, நமது வெப்பத்தில் ஏறத்தாழ ஏழு முதற் பத்து நாளிலே சிறகு முளைத்துப் பறக்கும். எனவே மாரிக்கு முன் ஒருமுறை பீலியை அள்ளிவிட்டால் போதாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்த்தல் வேண்டும். வெளிநாட்டிலுள்ளோர் பூட்டிவைத்துச் சென்ற வீடுகளின் பீலிகளை யார் பார்ப்பது? திறப்பை வைத்திருக்கும் உறவினர் பார்க்கவேண்டும். அவர் அதனை மறந்தால் ஒழுங்கை முழுவதும் காய்ச்சலிற் படுக்கும்.

இனி அஸ்பெஸ்டஸ் சீற்று வேய்ந்த வீட்டுக்கு வருவோம். விலை குறைவு, வேலை விரைவு என்பதனால் இது நாடெங்கும் பரவியது. பழைய சீற்றுக் கறுத்துப் பாசி பிடித்ததும், பையன் ஒருவனை மேலே ஏற்றி, இரும்புத் தூரிகையால் உரஞ்சச் செய்வது பலரின் வழக்கம். இப்பொழுது நீரைப் பீச்சும் இயந்திரத்தையும் வாடகைக்கு எடுக்கின்றனர். இவ்விரண்டையும் அறவே விட்டொழித்தல் வேண்டும்.

காரணம் இது. அஸ்பெஸ்டஸ் என்பது கல்நார். நுண்ணிய கனிம இழை. சீமெந்து அதனை இறுகப் பற்றியிருக்கும்வரை ஆபத்துக் குறைவு. வெயிலும் மழையும் பல்லாண்டு தாக்கியபின் மேற்படைச் சீமெந்து கரைந்து இழைகள் தளர்ந்து நிற்கும். உரஞ்சினாலும், அறுத்தாலும், துளைத்தாலும், உடைத்தாலும் அவை தூசியாகப் பறக்கும். கண்ணுக்குப் புலப்படா. மூச்சோடு நுரையீரலிற் புகுந்தால் அங்கேயே தங்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்குமென உலக சுகாதார தாபனம் கூறுகிறது. நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளும் செல்லலாம். இன்று பதினெட்டு வயதுப் பையன் உரஞ்சிய தூசியின் கணக்கு, அவன் பிள்ளைகளை வளர்க்கும் வயதிலே தீர்க்கப்படும். முகத்திற் கட்டிய துணி இவ்விழையைத் தடுக்கமாட்டாது.

எனின், கறுத்த கூரையை என் செய்வது? அழகுக்காக மட்டும் ஆயின் அதனைத் தொடாது விடுக. கறுப்பு நிறம் ஒழுக்கன்று. சருகு கிடந்தால் முதலில் நீர் தெளித்து நனைத்து, மெதுவாக அகற்றுக. உலர்ந்த நிலையில் கூட்டுதல் ஆகாது. உடைந்த துண்டுகளை நனைத்துத் தடித்த பொலிதீனிற் சுற்றிப் பிரதேச சபையாரிடம் வழி கேட்கவேண்டும். அவற்றை வளவில் பரப்புவதும், அடுப்புக்கு மறைப்பாக வைப்பதும், பிள்ளைகள் எடுத்து விளையாட விடுவதும் தவறு. கூரையை மாற்றுங் காலம் வந்தால், சீற்றுகளை உடைத்து வீழ்த்தாது ஆணிகளைக் கழற்றி முழுதாக இறக்கச் சொல்லுக.

மற்றோர் ஆபத்தும் உண்டு. பழைய சீற்று மனிதன் பாரத்தைத் தாங்காது. மிதித்தவர் அதனூடே நிலத்தில் விழுவார். கைமரங்களின்மேற் பலகை இடாது எவரையும் ஏற்றலாகாது. ஏணியைச் சாய்க்கும்போது நான்கடி உயரத்திற்கு ஓரடி அகலமாக அடி தள்ளியிருத்தல் வேண்டும். மின்கம்பி வீட்டை அணுகும் பக்கத்தில் ஏணியை வைக்கவே கூடாது.

புறச்சுவரைப் பற்றிச் சில சொற்கள். சுண்ணக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்த பழைய வீடுகள் ஈரத்தை உறிஞ்சிப் பின் வெளியே விடும் இயல்பின. அவற்றுக்கு வெள்ளையடித்தலே உகந்தது. மினுமினுக்கும் எண்ணெய்ப் பூச்சும் சீமெந்துப் பூச்சும் அவ்வழியை அடைத்துவிடும். உள்ளே சிறைப்பட்ட ஈரம் உப்பாய்ப் பூத்துச் சாந்தை உதிர்க்கும். சுவரடியிலே மண் உயர்ந்திருந்தால் வெட்டிச் சரித்துவிடுக. கூரைமேற் சாய்ந்த தென்னோலையையும் முற்றிய குலையையும் இப்பொழுதே இறக்குக.

இவையனைத்துக்கும் ஆகும் செலவு ஏணியும், தும்புத்தடியும், மேசனுக்கு ஒருநாட் கூலியுமே. கூலிக்கு வரும் பையனும் ஒரு தாயின் பிள்ளை என்பதனை மட்டும் மறவாதிருப்போமாக. நமது கூரை வெளுப்பதற்காக அவன் நுரையீரலைக் கேட்கும் உரிமை நமக்கில்லை.