தண்டவாளத்துக்குப் பராமரிப்பு, தொழிலாளிக்குச் சம்பள வெட்டா?

சென்னை–கூடூர் மார்க்கத்தில் பராமரிப்பு வேலை. லோக்கல் வண்டிகள் ரத்து. பத்திரிகையில் இந்தச் செய்திக்கு நாலு வரி போதும். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆரம்பாக்கத்திலும் உள்ள நம் வீடுகளில் அந்த நாலு வரியின் விலை ஒரு நாள் கூலி.

ஸ்ரீ சிட்டி 2008-இல் தொடங்கப்பட்டது. அன்று அது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். சத்தியவேடு, வரதையபாளையம் வட்டாரத்து மண்ணில் எழும்பிய அந்தத் தொழிற்சாலைகளுக்கு எல்லைக்குத் தெற்கே இருந்து நம்மவர்கள் திரளாகப் போகிறார்கள். சிலர் தடாவிலும் சூலூர்பேட்டையிலும் அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருமுறை வீடு திரும்புகிறார்கள். மற்றவர்கள் விடியுமுன் சோற்றுத் தூக்கோடு வண்டி ஏறி, தடாவில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஷிப்டுக்கு ஓடுகிறார்கள். கம்பெனி பஸ் வருகிறவர்களுக்குக் கவலை குறைவு. பஸ் வராத ஊர்க்காரர்களுக்கும், கான்டிராக்டர் கையில் இருப்பவர்களுக்கும் இரயில்தான் கதி.

அந்த இரயிலும் தாராளமாக இல்லை. கும்மிடிப்பூண்டி வரை அடிக்கடி வண்டி உண்டு. அதைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை, சூலூர்பேட்டை என்று போகிற வண்டிகள் கொஞ்சமே. சென்னையின் மற்றப் பகுதிகளில் ஒரு வண்டி ரத்தானால் அடுத்த வண்டி வரும். நமக்கு ஒரு வண்டி ரத்தானால் ஒரு ஷிப்டே போய்விடும். லைன் பிளாக் நாட்களில் பொன்னேரி வரையிலோ மீஞ்சூர் வரையிலோ சிறப்பு வண்டி விட்டதாக நிர்வாகம் அறிவிக்கிறது. பொன்னேரியில் இறங்கிய தொழிலாளி தடாவுக்குப் போவது எப்படி என்று அந்த அறிவிப்பு சொல்வதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பாதையை மூடிப் பழுதுபார்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. பழுதுபார்க்காத பாதையில் முதலில் போவது நம் உயிர்தான். 2024 அக்டோபர் 11 இரவை நம் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. அன்று ஆயுத பூசை. மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டையில் நேர்ப்பாதையில் போக வேண்டியது, கிளைப்பாதையில் புகுந்து நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டு பாதையை அடைத்தன. பலர் காயமடைந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பேறு. பாதையும் சிக்னலும் பாயிண்டும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை. கொளுத்தும் வெயிலில் அந்தப் பாதையில் சம்மட்டி பிடிப்பவனும் நம்மைப் போன்ற தொழிலாளிதான். அவனுக்கு வேலை செய்ய நேரம் வேண்டும், அது நியாயம்.

அதே இரவு இன்னொன்றையும் காட்டியது. நெடுந்தூர வண்டிகளை அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகத் திருப்பிவிட்டார்கள். தடாவுக்குப் போகும் லோக்கலைத் திருப்பிவிட வேறு பாதை ஏது? தில்லிக்கும் பாட்னாவுக்கும் போகிறவர் தாமதமாகவாவது போய்ச் சேர்ந்தார். பண்டிகைக்கு வீட்டுக்கு வந்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியவர் நெடுஞ்சாலையில் நின்று லாரிக்குக் கை காட்டினார்.

ஆகவே நாம் கேட்பது ஒரே கேள்வி: மூடுகிற செலவை யார் சுமப்பது?

இன்று யார் சுமக்கிறார் என்று பாருங்கள். சீசன் டிக்கெட்டுக்கு நாம் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டோம். வண்டி ஓடாத நாளுக்கு அதில் ஒரு காசும் திரும்புவதில்லை. வராத தொழிலாளிக்குக் கூலி இல்லை என்பதால் கான்டிராக்டருக்கு நட்டம் இல்லை. ஒரு நாள் கூலியோடு முடிந்தாலும் பரவாயில்லை. மாதம் முழுவதும் தவறாமல் வந்தால்தான் அட்டெண்டன்ஸ் போனஸ் என்கிற இடங்களில் அந்த ஒரு நாள் முழுப் போனஸையும் விழுங்கிவிடுகிறது. தாமதமாக வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பும் இடங்களும் உண்டு. அன்றைக்கு ஆட்டோக் கட்டணமும் ஏறிவிடுகிறது. இப்படி எல்லோருடைய கணக்கும் நேராகி, நட்டம் முழுவதும் தொழிலாளியின் சட்டைப்பையில் வந்து விழுகிறது. சென்னை மெட்ரோவில் ஓடும் பெட்டிகளில் பல இதே ஸ்ரீ சிட்டியில் செய்யப்பட்டவை. ஊருக்கெல்லாம் இரயில் பெட்டி செய்து தரும் ஊருக்கு வேலைக்குப் போக நமக்கு இரயில் இல்லை!

இதற்கு வழியே இல்லையா? வழி உண்டு என்பதை மற்ற ஊர்கள் காட்டியிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக லோக்கல் வண்டிகளை நிறுத்தியபோது மாநகரப் போக்குவரத்துக் கழகம் கூடுதல் பஸ் விட்டது. மெட்ரோவும் கூடுதல் வண்டி ஓட்டியது. 2020 பொது முடக்கத்தில் வண்டி ஓடாமல் வீணான நாட்களுக்கு ஈடாக மும்பைப் பிரயாணிகளுக்கு சீசன் டிக்கெட்டின் காலத்தை நீட்டித்துக் கொடுத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

'தற்காலிகம்' என்ற சொல்லை நம்பிச் சும்மா இருப்பதும் ஆபத்து. சென்னைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் இரயிலை 2023 ஆகஸ்ட் 27 முதல் நிறுத்தியபோது சொன்ன கெடு ஏழு மாதம். மீண்டும் வண்டி ஓடியது 2024 அக்டோபர் 29-இல். பதினான்கு மாதம் ஆயிற்று. தலைநகரின் நடுவிலேயே கெடு இரட்டிப்பானால், மாநில எல்லையில் கிடக்கும் நமக்கு என்ன உத்தரவாதம்?

நம் குரல் எடுபடாததற்குக் காரணம் அந்த எல்லைதான். தடாவும் சூலூர்பேட்டையும் ஆந்திர மண். ஆனால் அந்த நிலையங்களை நடத்துவது தெற்கு இரயில்வேயின் சென்னைக் கோட்டம். நம்மில் பலருக்கு ஓட்டு திருவள்ளூர் தொகுதியில். வேலை செய்யும் இடமோ திருப்பதி தொகுதியில். ஆந்திர உறுப்பினருக்கு நாம் வாக்காளர் இல்லை. தமிழ்நாட்டு உறுப்பினருக்குத் தடா தன் தொகுதி இல்லை. எல்லை தாண்டி பஸ் விட வேண்டுமென்றால் இரு மாநிலமும் பேசி ஒப்பந்தம் போட வேண்டும். நமக்காக அதைப் பேசுவார் யார்?

"அப்படியானால் குடும்பத்தோடு தடாவுக்கே வந்துவிடுங்களேன்" என்று சில மேஸ்திரிகள் புத்தி சொல்கிறார்கள். வாடகையை அவர்கள் கொடுப்பார்களா? பிள்ளைகள் படிக்கும் தமிழ்வழிப் பள்ளியும், குடும்ப அட்டையும், வயதான பெற்றோரும் அந்தப் பக்கம். வேலை நிரந்தரமில்லாதவன் வீட்டை மட்டும் எப்படிப் பெயர்ப்பான்?

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் எளியவை.

ஒன்று: வண்டி ரத்தாகும் செய்தியை ஒரு வாரம் முன்னதாக, தமிழிலும் தெலுங்கிலும் ஒவ்வொரு நிலையத்திலும் ஒட்ட வேண்டும். ஷிப்டு மாறும் நேரத்தை ஒட்டிய வண்டிகளைக் கூடியவரை விட்டுவைக்க வேண்டும்.

இரண்டு: லோக்கல் ஓடாத நேரத்தில் அவ்வழியே போகும் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஒன்றிரண்டாவது கும்மிடிப்பூண்டியிலும் தடாவிலும் நிற்க வேண்டும். சீசன் டிக்கெட் அன்றைக்கு அதில் செல்ல வேண்டும்.

மூன்று: இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் பேசி, அந்த நாட்களில் கும்மிடிப்பூண்டியிலிருந்து தடா வழியாக ஸ்ரீ சிட்டிக்கு பஸ் விட வேண்டும்.

நான்கு: ஓடாத நாட்களை சீசன் டிக்கெட்டில் கூட்டித் தர வேண்டும்.

ஐந்து: இரயில்வேயே ரத்து என்று அறிவித்த நாளில் தாமதத்துக்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது; போனஸை வெட்டக் கூடாது. இது கான்டிராக்ட் தொழிலாளிக்கும் பொருந்த வேண்டும். ஐந்தில் இதுவே நமக்கு முதன்மையானது. ஏனென்றால் வண்டி வந்தாலும் வராவிட்டாலும் சோறு கூலியில்தான் இருக்கிறது.

கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. அடுத்த அறிவிப்பு வருமுன் நாமே செய்ய வேண்டியவை உண்டு. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இரயில்வே அறிவிப்பைக் கவனித்து மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். வேனோ ஆட்டோவோ கூட்டாகப் பேசி, கட்டணத்தை முதல் நாளே முடிவு செய்துகொள்வோம். இரவு ஷிப்டு முடிந்து வரும் நம் சகோதரிகள் நெடுஞ்சாலையில் தனியே நிற்கும்படி விடலாகாது. தடாவில் அறை எடுத்திருக்கும் குடும்பங்கள் அன்றிரவு அவர்களுக்கு இடம் கொடுக்கட்டும். கூலி வெட்டப்பட்டால் வாயால் முறையிடுவதோடு நில்லாமல், ரத்து அறிவிப்பின் நகலை இணைத்து எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். தனித்தனிக் காகிதமாக இருந்தால் மேஸ்திரியின் மேசையோடு போய்விடும். நூறு காகிதம் ஒன்றாகச் சேர்ந்தால் தொழிலாளர் துறை அதிகாரி படித்துத்தான் ஆக வேண்டும்.

அதே பிளாட்பாரத்தில் சூலூர்பேட்டைத் தெலுங்குத் தொழிலாளியும் நிற்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் நிற்கிறார்கள். வண்டி நின்றால் எல்லோருக்கும்தான் நிற்கிறது. அவர்களையும் சேர்த்துக்கொண்டு தெலுங்கிலும் இந்தியிலும் மனு எழுதுவோம். திருவள்ளூர், திருப்பதி என்ற இரு தொகுதி உறுப்பினர்களிடமும், சென்னைக் கோட்ட மேலாளரிடமும், கோட்ட இரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவிடமும் அந்த மனு ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும். கையெழுத்துத் தாள் கிளைகளுக்கு வரும்போது, வீட்டில் வேலைக்குப் போகிறவர் மட்டுமல்ல, அவர் கொண்டுவரும் கூலியில் அடுப்பு மூட்டுகிற ஒவ்வொருவரும் கையெழுத்திடுங்கள்.