கடலூர் மகளிர் கால்பந்து வீராங்கனைகளின் ஒப்பந்தங்களும் இடமாற்றங்களும்

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம் 2004ஆம் ஆண்டிற்குப் பின்னர் இந்திய மகளிர் கால்பந்திற்கு வீராங்கனைகளைத் தொடர்ந்து அளித்துவரும் மாவட்டங்களுள் ஒன்றாகும். இங்குப் பயிற்சி பெற்றோர் தமிழ்நாடு மாநில அணியிலும், இந்திய தேசிய அணியிலும், மதுரை, கோழிக்கோடு, புவனேசுவரம், கொல்கத்தா ஆகிய நகரங்களின் கழகங்களிலும் ஆடியுள்ளனர். ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்குவதற்கு இடைப்பட்ட காலத்தில் இவர்கள் எவ்வாறு அணி மாறுகின்றனர், எத்தகைய ஒப்பந்தங்களைப் பெறுகின்றனர், அவர்களை உருவாக்கிய ஊருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களைத் தாக்கியதில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்திற்கு அடுத்து மிகுந்த உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டங்களுள் கடலூரும் ஒன்றாகும். கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவ ஊர்கள் முதல் சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பிச்சாவரம் பகுதிகள் வரை பாதிப்பு பரவியிருந்தது. பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகக் கடலூரில் அரசுக் காப்பகம் தொடங்கப்பட்டது. அக்காப்பகத்தில் வளர்ந்த சிறுமிகளும், சுற்றியுள்ள ஊர்களின் பள்ளி மாணவியரும் பயிற்சியாளர் மாரியப்பனிடம் கால்பந்து கற்றனர். இம்முயற்சி இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்னும் அமைப்பாக வளர்ந்தது.

இக்கழகத்தின் மகளிர் அணி 2017-18ஆம் ஆண்டின் இந்திய மகளிர் லீக் இறுதிச் சுற்றில் பங்கேற்ற ஏழு அணிகளுள் ஒன்றாக இருந்தது. அவ்வாண்டுப் போட்டிகள் சில்லாங்கில் நடைபெற்றன. பெருநிறுவன உரிமையாளர் இல்லாத, மாவட்டத் தலைநகர் ஒன்றின் பயிற்சிக் கழகம் நாட்டின் முதன்மை மகளிர் போட்டியில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. அதே 2018ஆம் ஆண்டில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் வாகையர் போட்டியில் தமிழ்நாடு அணி மணிப்பூரை 2-1 என்ற கணக்கில் வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. 2023இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று இரண்டாம் முறையாகவும் பட்டம் பெற்றது.

வீராங்கனைகளின் கழக மாற்றங்கள்

கடலூரைச் சேர்ந்த நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன், பண்ருட்டியைச் சேர்ந்த முன்கள ஆட்டக்காரர் சந்தியா ரங்கநாதன் ஆகிய இருவரின் பாதையை எடுத்துக்கொண்டால் இடமாற்றங்களின் போக்கு விளங்கும்.

* 2018-19: மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம் லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. இருவரும் இக்கழகத்திற்கு ஆடினர்.
* 2022-23: கோகுலம் கேரளா அகமதாபாத்தில் கிக்ஸ்டார்ட் அணியை 5-0 என வென்று பட்டம் பெற்றது. இருவரும் இவ்வணியில் இடம்பெற்றனர்.
* 2023-24: ஒடிசா கால்பந்துக் கழகம் பட்டம் வென்றது. இந்துமதி இக்கழகத்திற்கு மாறியிருந்தார்.
* 2024-25: கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் பட்டம் வென்றது. சந்தியா இக்கழகத்திற்கு மாறியிருந்தார்.

இப்பட்டியலிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, பட்டம் வெல்லும் அணி மாறும்பொழுது தேர்ந்த வீராங்கனைகளும் இடம் மாறுகின்றனர். அவ்வாண்டில் எந்தக் கழகம் மிகுதியாகச் செலவிட முன்வருகிறதோ அக்கழகத்தை நோக்கி அவர்கள் செல்கின்றனர். இரண்டாவது, பயிற்சியாளருடன் சேர்ந்து அணியும் நகர்கிறது. கோகுலம் கேரளாவை 2021-22, 2022-23 ஆகிய இரு பருவங்களிலும் பட்டத்திற்கு இட்டுச்சென்ற அந்தோணி ஆண்ட்ரூஸ் 2024இல் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளரானார். தாம் அறிந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அணியமைக்கும் உத்தியை அக்கழகம் பின்பற்றியது. 2025 ஏப்ரல் 18 அன்று ஒடிசாவை 1-0 என வென்று பட்டத்தை உறுதிசெய்தது.

ஒப்பந்தங்களின் அளவும் காலமும்

தொடக்க ஆண்டுகளில் இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்று ஒரே நகரில் சில வாரங்களில் நடத்தி முடிக்கப்பட்டது. ஆகவே வீராங்கனைகளும் அச்சில வாரங்களுக்கு மட்டுமே கழகங்களுடன் இணைந்தனர். 2023 ஏப்ரலில் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதனை மாற்ற முடிவெடுத்தது. முதல் நிலை லீக்கில் ஆடும் ஒவ்வொரு கழகமும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுடன் தொழின்முறை ஒப்பந்தம் செய்யவேண்டும் எனவும், அவர்களுக்கு ஆண்டிற்குக் குறைந்தது 3.2 இலட்சம் உரூபாய் ஊதியம் வழங்கவேண்டும் எனவும் அறிவித்தது. 2023-24 முதல் அணிகள் தம் ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாக ஆடும் முறையும் நடைமுறைக்கு வந்தது.

இம்முடிவு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் எல்லையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. எட்டு கழகங்கள், கழகத்திற்குப் பத்துப் பேர் எனக் கொண்டால் நாடு முழுவதிலும் 80 வீராங்கனைகளுக்கு மட்டுமே குறைந்தபட்ச ஊதியம் உறுதியாகிறது. ஆண்டிற்கு 3.2 இலட்சம் என்பது மாதத்திற்கு ஏறத்தாழ 26,700 உரூபாய் ஆகும். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணியின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 36,900 உரூபாய். அகவிலைப்படியும் பிற படிகளும் இதற்கு மேல் சேரும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய கால்பந்து ஒப்பந்தத்தை ஓய்வு பெறும் வயதுவரை நீடிக்கும் அரசுப் பணியுடன் ஒப்பிடும் குடும்பம் எதனைத் தேர்ந்தெடுக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இந்துமதி தேசிய அணிக்கு ஆடிய காலத்திலேயே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றினார். 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கின்போது சென்னையில் காவல் பணியில் ஈடுபட்டார்.

ஆகவே கடலூர் வீராங்கனை ஒருவரின் உண்மையான பேரம் இரண்டு கழகங்களுக்கு இடையே மட்டும் நடப்பதில்லை. கழக ஒப்பந்தம், தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு, உயர்கல்வி ஆகிய மூன்றிற்கும் இடையே அது நடக்கிறது. மாநில அணிக்கு ஆடிப் பெறும் சான்றிதழ், கழகம் தரும் பணத்தைவிடச் சில வேளைகளில் மதிப்பு மிக்கதாவது இதனாலேயே.

சிதம்பரமும் பல்கலைக்கழகப் பாதையும்

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உடற்கல்வித் துறையைக் கொண்டுள்ளது. மாவட்டத்திற்குள்ளேயே பட்டம் பெறவும், உடற்கல்வி ஆசிரியர் பணிக்குத் தகுதி பெறவும் இது வழி செய்கிறது. இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் நிலை வேறு. அங்குப் பல்கலைக்கழக விளையாட்டே தொழின்முறை விளையாட்டின் நாற்றங்கால் ஆகும். அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்கில் 32 அணிகள் உள்ளன. முந்தைய பருவத்தில் மிகக் கீழே முடித்த அணி முதலில் தேர்ந்தெடுக்கும் வகையில் ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் பங்கிடப்படுகின்றனர். 1936 முதல் இம்முறை உள்ளது. 1994 முதல் அணிகளின் மொத்த ஊதியச் செலவிற்கு உச்சவரம்பும் உண்டு. 2025இல் இவ்வரம்பு 27.92 கோடி டாலர் ஆகும். ஆகவே அங்குப் பருவ இடைவேளை என்பது வரம்பிற்குள் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவிப்பது, எதிர்காலத் தேர்வு உரிமைகளை எதற்கு ஈடாகக் கொடுப்பது என்னும் கணக்கின் காலம். 2025 ஆகத்தில் டல்லாஸ் அணி மைக்கா பார்சன்சை கிரீன் பே அணிக்குக் கொடுத்தபொழுது, ஈடாகப் பெற்றவற்றுள் வருங்கால முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் இரண்டும் அடங்கும்.

பங்கீட்டு முறையும் ஏல முறையும்

இந்தியக் கால்பந்திலும் பங்கீட்டு முறை முயன்று பார்க்கப்பட்டது. ஆடவருக்கான இந்தியன் சூப்பர் லீக் 2014இல் உள்நாட்டு ஆட்டக்காரர்களைச் சுற்றுமுறையில் பங்கிட்டது. 2015இல் நடந்த ஏலத்தில் சுனில் சேத்ரி 1.2 கோடி உரூபாய்க்கு மும்பை அணிக்குச் சென்றார். 2017 பங்கீட்டில் அனசு எடத்தொடிகாவை ஜம்சேத்பூர் அணி 1.1 கோடி உரூபாய்க்கு முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. அதன் பின்னர் கழகங்களும் ஆட்டக்காரர்களும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் உலக வழக்கமே நிலைபெற்றது.

மகளிர் துடுப்பாட்டத்தில் ஏல முறை உள்ளது. 2023இல் நடந்த மகளிர் பிரீமியர் லீக்கின் முதல் ஏலத்தில் மிகக் குறைந்த தொடக்க விலையே 10 இலட்சம் உரூபாய் ஆகும். ஏறத்தாழ ஒரு மாதம் நடைபெறும் போட்டிக்கான தொகை இது. கால்பந்தின் ஓராண்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் இது மூன்று மடங்கிற்கும் மேல். 2024 திசம்பரில் நடந்த ஏலத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 16 வயது கமலினி 1.6 கோடி உரூபாய்க்கு மும்பை அணியால் எடுக்கப்பட்டார். எனவே ஒரே மாநிலத்தில் ஒரே வயதுடைய இரு சிறுமியரின் வருவாயை அவர்களது உழைப்பைவிட, அவர்கள் தேர்ந்த விளையாட்டின் ஒளிபரப்பு வருவாயே பெரிதும் தீர்மானிக்கிறது.

பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தால் மகளிர் கால்பந்தில் அணிகளின் வலிமை சமப்படும் என்னும் கருத்து உண்டு. ஆனால் யாருக்கு ஆடுவது, எந்த ஊரில் வாழ்வது என்பதை முடிவு செய்யும் உரிமையை ஆட்டக்காரர் அதில் இழக்கிறார். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மகளிர் கால்பந்து லீக் 2024இல் வீராங்கனைகள் சங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பங்கீட்டு முறையைக் கைவிட்டது. பங்கீட்டு முறை வேரூன்றிய நாட்டிலேயே மகளிர் கால்பந்து அதனை விட்டு விலகியமை கருதத்தக்கது.

பயிற்சி அளித்தோருக்கான பங்கு

ஒரு வீராங்கனையைப் பன்னிரண்டு வயது முதல் பயிற்றுவித்த கழகத்திற்கு என்ன கிடைக்கிறது என்பதே கடலூரைப் பொறுத்தவரை அடிப்படையான கேள்வியாகும். பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிகளில் இதற்கு இரு வழிகள் உள்ளன.

1. பயிற்சி இழப்பீடு: இளம் ஆட்டக்காரர் முதல் தொழின்முறை ஒப்பந்தம் பெறும்பொழுதும், பிற நாட்டுக் கழகத்திற்கு மாறும்பொழுதும் பயிற்றுவித்த கழகங்களுக்கு வழங்கப்படுவது. இது மகளிர் கால்பந்திற்குப் பொருந்தாது என விதியே கூறுகிறது. பயிற்சி இழப்பீட்டுச் சுமை மகளிர் கழகங்களின் வளர்ச்சியைத் தடுக்கலாம் என்பது இவ்விலக்கிற்குக் கூறப்படும் காரணம்.
2. ஒருமைப்பாட்டுப் பங்கு: இடமாற்றத் தொகையில் 5 விழுக்காடு, ஆட்டக்காரரின் 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்படுவது. இது மகளிருக்கும் உண்டு.

இரண்டாம் வழியின்படி 12 முதல் 15 வயது வரை ஒவ்வோர் ஆண்டிற்கும் இடமாற்றத் தொகையில் 0.25 விழுக்காடும், 16 முதல் 23 வயது வரை ஒவ்வோர் ஆண்டிற்கும் 0.5 விழுக்காடும் கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, 12 வயது முதல் 18 வயது முடியக் கடலூரில் பயின்ற ஒருவரை வெளிநாட்டுக் கழகம் ஒன்று 10 இலட்சம் உரூபாய் கொடுத்துப் பெற்றால், பயிற்றுவித்த கழகத்திற்கு 2.5 விழுக்காடு, அதாவது 25,000 உரூபாய் சேரும்.

நடைமுறையில் இத்தொகையும் எழுவது அரிது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரு பருவத்திற்கே செய்யப்படுவதால், பருவம் முடிந்தவுடன் வீராங்கனை எவ்விதக் கட்டுப்பாடுமின்றி வேறு கழகத்திற்குச் செல்லலாம். இடமாற்றத் தொகை என்பதே அங்கு இல்லை. தொகை இல்லாதபொழுது அதில் 5 விழுக்காடும் இல்லை. மேலும் இப்பங்கு பதிவு பெற்ற கழகங்களுக்கு உரியது. பதிவு இல்லாத பள்ளியோ காப்பகமோ எத்தனை ஆண்டுகள் சோறிட்டுப் பயிற்றுவித்திருந்தாலும் கணக்கில் வருவதில்லை. உலக அளவில் 2025 சனவரியில் நவோமி கிர்மா செல்சீ அணிக்கு மாறியபொழுது மகளிர் இடமாற்றத் தொகை முதன்முறையாகப் பத்து இலட்சம் டாலரைத் தாண்டியது. அவ்வளர்ச்சியின் பயன் கடலூரை வந்தடைவதற்கான வாய்க்கால் இன்னும் வெட்டப்படவில்லை.

மதிப்பீடு

2024-25 பருவம் சனவரி 10 அன்று தொடங்கி ஏப்ரலில் முடிவுற்றது. அணிக்கு 14 ஆட்டங்கள். மீதமுள்ள எட்டு மாதங்களுக்கு மேற்பட்ட காலம் வீராங்கனைக்குப் பேரம் பேசும் காலமாக அமையாமல் வருவாய் உறுதியற்ற காலமாகவே கழிகிறது. நிருவாகச் சிக்கல்களும் ஆட்டத்தைப் பாதிக்கின்றன. 2022 ஆகத்தில் இந்தியக் கூட்டமைப்பு பன்னாட்டு அளவில் இடைநீக்கம் செய்யப்பட்டபொழுது, ஆசியக் கழகப் போட்டிக்காக உசுபெக்கிசுத்தான் சென்றிருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி ஆடாமலேயே திரும்ப நேரிட்டது.

இந்திய மகளிர் அணி 2025 சூலையில் தாய்லாந்தை 2-1 என வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இவ்வெற்றி தொடர வேண்டுமாயின் கடலூர் போன்ற மாவட்டங்களிலிருந்து வீராங்கனைகள் தொடர்ந்து வரவேண்டும். இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தங்கள் பெருகினால் வீராங்கனைக்கு உறுதியும், கழகத்திற்கு இடமாற்றத் தொகையும், பயிற்சிக் கழகத்திற்குப் பங்கும் ஒருங்கே கிடைக்கும். அதற்குப் பருவம் நீளவேண்டும். உள்நாட்டு இடமாற்றங்களிலும் மகளிர் பயிற்சிக் கழகங்களுக்கு ஒரு சிறு தொகையேனும் சேர விதி வேண்டும். இவை நிகழாதவரை கடலூர் வீராங்கனையின் நெடுங்கால ஒப்பந்தம் காவல்துறை போன்ற அரசுத் துறைகளின் பணி ஆணையாகவே இருக்கும்.

இவற்றையும் பார்க்க

* இந்திய மகளிர் லீக்
* சேது கால்பந்துக் கழகம்
* தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்
* அண்ணாமலைப் பல்கலைக்கழகம்
* கடலூர் மாவட்டம்