பிரிவை இறக்கிப் போடாதீர்கள்

தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

திருத்தணியிலிருந்து எழுதுகிறேன்.

2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து நம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. அக்டோபர் 1-ஆம் தேதி உங்கள் அலுவலர்கள் மாதிரி எடுத்தார்கள். மறுநாளே முடிவு வந்துவிட்டது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடுதான். அந்த வேகத்துக்கு நன்றி. ஆனால் 1972-லேயே சென்னையில் இதே நஞ்சு குழந்தைகளின் உயிரைக் குடித்திருக்கிறது.

கோல்ட்ரிஃப்பைத் தயாரித்த நிறுவனம் 2011 முதல் உரிமத்தோடு நடந்தது. மருந்துக்கு ஆகாத புரோப்பிலீன் கிளைக்காலை அது பில் இல்லாமல் வாங்கியதும் சோதனையில் வெளிவந்தது. முகவரி தெரிந்த இடத்திலேயே இப்படி என்றால், பெயர்ப்பலகைகூட இல்லாமல் கலக்கி விற்கிறவர்களை யார் தேடிப் பிடிப்பது?

எங்கள் ஊரில் பஸ் ஏறினால் அடுத்து ஆந்திரத்தின் நகரி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், தாய் பக்கத்து மெடிக்கலில் டானிக் கேட்பாள். பில் கேட்க மாட்டாள். பாட்டிலில் ஒட்டிய தாளில் உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் எறும்பு ஊர்வதுபோல் ஓரத்தில் கிடக்கும். அதை அவள் படித்துச் சரிபார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தக் கடைக்குச் சரக்குப் போட்ட மொத்த வியாபாரிக்கு உரிமம் உண்டா என்று பார்க்க வேண்டியவர் உங்கள் ஆய்வாளர்.

சட்டத்தில் குறையில்லை. 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 27(பி)(ii) பிரிவுப்படி, உரிமமின்றி மருந்து செய்தாலோ விற்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 1 லட்சம் ரூபாய், அல்லது பிடிபட்ட சரக்கின் மதிப்பில் மூன்று மடங்கு. எது அதிகமோ அது. கலப்பட மருந்தால் உயிர் போனால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. ஆனால் மருந்துகளைப் பற்றிய இந்தக் குற்றங்களில் இச்சட்டத்தின்கீழ் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மருந்து ஆய்வாளர் வராவிட்டால் எங்கள் காவல் நிலையமும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கும்.

2023-ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்தபின், தண்டனை குறைவான 27(டி) பிரிவுக் குற்றங்களைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. உரிமமில்லாத வியாபாரம் அதில் வராது. ஆகவே அப்படிப் பிடிபட்டவர் மீதான வழக்கை 27(டி)-க்கு இறக்க எந்த அலுவலரையும் அனுமதிக்காதீர்கள். ஆந்திர அலுவலர்களோடு சேர்ந்து எல்லையின் இரு பக்கத்து மொத்த வியாபாரக் கடைகளையும் ஒரே நாளில் சோதியுங்கள். யார் மீது, எந்தப் பிரிவில், எந்த நீதிமன்றத்தில் வழக்கு என்பதை மாதாமாதம் வெளியிடுங்கள். எங்கள் தாலுகாவிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
திருத்தணிவாசி ஒருவர்